துண்டுக்கடியில்

ஆடியில் மண்டப வாடகை பாதி.
அதனால்தான் காங்கேயம்,
அதனால்தான் மணமேடையில் நடிகை தேடுகிறோம்.
போன முகூர்த்தத்தின் தெர்மக்கோல் எழுத்துகளில்
மாப்பிள்ளை பேர் உதிர்ந்துவிட்டது.
'வெட்ஸ்' மட்டும் அப்படியே இருக்கிறது.
தாராபுரம் பக்கமிருந்து காற்று
கதவைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது,
நாற்காலி முட்டுக் கொடுத்தும் நிற்கவில்லை.

அரசனின் வசனத்தைப் படிப்பது என் வேலை.
அரசனாக நடிப்பவர் சென்னையில் தாடி வளர்க்கிறார்.
அவர் வரும்வரை கோளரி நான்தான்.
(நாங்களே வைத்த பேர்,
எந்தக் கல்வெட்டிலும் தேட வேண்டாம்.)
ஏரிக்கரையை உடைத்து ஊரை மூழ்கடித்தவன்.
வரி கட்டாத வீடுகளில்
ஆட்டுக்கல்லைக்கூட விட்டுவைக்காதவன்.
தோற்றவனின் மகனை எதிரே நிறுத்தி
தாயிடம் சொல்கிறான்:
"உயிர் உனக்கு. கண் இரண்டும் எனக்கு."

காலையிலிருந்து முப்பத்தொரு முறை சொல்லிவிட்டேன்.
நடுவில் ஒரு டீ, இரண்டு பருப்பு வடை.
முதலில் தொண்டை கரகரத்தது.
பத்தாவதுக்குமேல் தானாக வந்தது,
ரேஷன் கடையில் கார்டு நம்பர் வாசிப்பதுபோல.

பெருந்துறைக் கல்லூரிப் பெண் தரையில் புரண்டாள்.
கண்மை என் பேண்ட்டில் ஒட்டியது.
சீரியலில் மூன்று மாதம் அண்ணியாக இருந்தவர்
அழுதுமுடித்து, மூக்கைத் துடைத்து,
"இன்னுங்கொஞ்சம் வேணுங்களா?" என்றார்.
ஒருத்தி சாபம் விட்டாள், நன்றாகவே விட்டாள்.
பாதியில் போன் அடித்தது.
அதே குரலில் "சிலிண்டர் வந்தா வாங்கி வை" என்றாள்.
இயக்குநர் அன்றைக்குச் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

முப்பத்திரண்டு: துளசிமணி, முத்தூர்.
முன்அனுபவம் என்ற இடத்தில்
'கொப்பரைக் களம், பதினாறு வருசம்'.
நாடகம் ஏதாவது?
"இல்லீங்."
அப்புறம் எப்படி இங்கே?
"சாரலுக்குக் களம் லீவுங்க."

படித்தேன்.
உயிர் உனக்கு. கண் இரண்டும் எனக்கு.

அவள் அழவில்லை.
மகன் நிற்பதாகச் சொன்ன இடத்தில் ஒரு குத்துவிளக்கு.
அதை ஒருதரம் பார்த்தாள்.
பிறகு நேரே வந்து
லைட்மேன் நாச்சிமுத்துவின் தோளிலிருந்து
துண்டை உருவி,
என் வலதுகையை இழுத்து
மேலே போட்டு மூடினாள்.

எனக்குத் தெரியும் இது.
கண்ணபுரம் சந்தையில் என் மாமன்
இப்படித்தான் காளைக்கு விலை பேசுவார்,
வாயில் மழை நிலவரம், துணிக்கடியில் பணம்.
இவள் அப்பன் தரகனாக இருக்கவேண்டும். கேட்கவில்லை.

ஓடு பெயர்த்துக் காய்ப்பேறிய விரல்கள்
என் சுட்டுவிரலை மட்டும் பிரித்தெடுத்து
அழுத்தின.
ஒன்று.
ஒரு கண்ணையாவது விடு.
முகத்தில் ஒன்றுமில்லை.
"இந்த வருசம் காத்து சாஸ்திங்க" என்றாள் சத்தமாக.

தாளில் எனக்கு அடுத்த வரி:
"இழுத்துச் செல்லுங்கள்."
அதை நான் படிக்கவில்லை.
துண்டுக்கடியில், யாரும் சொல்லாமல்,
அவள் விரல்களில் இரண்டைப் பிடித்துத்
திருப்பி அழுத்தினேன்.

அவள் மறுபடி ஒன்று.
நான் இரண்டு.
அவள் கை வியர்த்தது, அல்லது என் கை.
மூன்றாம் முறையும் ஒன்று.
எனக்குப் பேரம் பிடித்துப்போயிருந்தது.
இரண்டு.

"என்னய்யா நடக்குது அங்க?" என்றார் இயக்குநர்.
"மானிட்டர்ல துண்டுதான் தெரியுது."
விலை பேசினாங்க சார்.
"ராணி எதுக்குய்யா விலை பேசறா?"
பேனா மூடியைக் கடித்தார்.
பேருக்கு நேரே ஒரு கேள்விக்குறி,
கொஞ்சம் யோசித்து அதன்மேலேயே இன்னொன்று.

பஸ்ஸுக்கு நூறு ரூபாய் நான்தான் கொடுத்தேன்.
முகத்தைப் பார்க்காமல்
என் கையைப் பார்த்து வாங்கினாள்.
நான்கு மணி முத்தூர் வண்டி ஹாரன் அடித்தது.
செருப்பைக் காற்று தள்ளிப்போட்டிருந்த இடத்தில் தேடி
மாட்டிக்கொண்டு போனாள்.

மேடையில் நாச்சிமுத்து கத்துகிறார்,
துண்டு எங்கே, துண்டு எங்கே என்று.
என் தோளில் கிடக்கிறது.
முப்பத்துமூன்று உள்ளே வருகிறாள்.